விட்டுப்போன வட்டம்

மரபணு ஆலோசகர் சொல்லி முடித்ததும் பிழைதிருத்துபவர் அவரிடமிருந்து பென்சிலைக் கேட்டு வாங்கினார்.

மேசையில் குடும்பத்தின் வம்சாவளிப் படம் கிடந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் அவர் சொல்லச் சொல்ல இதே ஆலோசகர் வரைந்தது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவருக்குக் கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. இன்று மகளின் வட்டம் மட்டும் கறுப்பாகியிருந்தது.

அன்று அவளுக்கு நடையில் லேசான தள்ளாட்டம்தான். மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்றார்கள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவருக்கு இது சட்டென்று விளங்கிற்று. ஓர் எழுத்து போதாதா, மானத்தை வாங்க?

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டதற்கு, வாய் கூசாமல் இல்லை என்றார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பரம்பரைச் சீக்கு என்று ஒரு வார்த்தை கசிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயம்.

அவள் படியில் தடுக்கி விழ ஆரம்பித்ததும் அவர்கள் எப்படியும் நழுவிவிட்டார்கள்.

இப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ரத்தத்தை ஒப்பிட்டு, அந்த எழுத்தின் அர்த்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆராய்ச்சி எங்கேயோ போய்விட்டது என்று ஆலோசகர் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். மகளின் சக்கர நாற்காலியில் கண் பட்டதும் குரல் இறங்கிவிட்டது. மருந்து அன்றைக்கே இருந்ததாம். கால் விழுவதற்கு முன் கொடுத்தால்தான் கேட்குமாம். வீட்டில் இன்னொருவருக்கு இருந்தது தெரிந்திருந்தால், அன்றைக்கே ஆரம்பித்திருப்போம் என்றார்.

பிழைதிருத்துபவர் தன் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். அதைக் கறுப்பாக்கினார். அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

யார் என்று ஆலோசகர் கேட்டார். தங்கை என்றார். நடக்க முடியாமல் படுத்து, இருபத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தாள் என்றார். மகளுக்கு அப்போது நாலு வயது.

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை வெளிநாட்டுலதானே இருக்காங்க? போன மாசம்கூட என் பொறந்தநாளுக்கு இந்த வாட்சை அனுப்பினாங்களேப்பா."

"வருஷா வருஷம் நான்தாம்மா வாங்குறேன்."

அவள் வாட்சைக் கழற்றப் பார்த்தாள். விரல்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

அவரே குனிந்து கழற்றிவிட்டார்.