உயிரில்லாத பிக்கப்

"மாப்ளே, இதுலயும் உயிர் இல்லடா."

பேஸ் கிட்டாரை மேஜையில் கிடத்திவிட்டு மாமா நாற்காலியில் சாய்ந்தார்.

கையில் சூடாக இருந்த சால்டரிங் கம்பியை எங்கே வைக்கலாம் என்று ரிப்பேர்க்காரனுக்கு ஒரு கணம் தகாத யோசனை வந்தது. அக்காவின் கணவராயிற்றே என்று ஸ்டாண்டிலேயே வைத்தான்.

கிட்டார் தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் அந்தக் கறுப்புக் கட்டைக்குப் பிக்கப் என்று பெயர். இந்த வாரத்தில் மூன்றாவதைப் போட்டாகிவிட்டது.

கிட்டார் மாமாவை விட வயதில் மூத்தது. அதன் பழைய பிக்கப்பை மாற்றச் சொன்னது அக்கா. இசைக்குழு அவளுடையது, மேடையில் பாடுவதும் அவள்தான். இன்று சாயங்காலம் நிகழ்ச்சி.

நான் பாடும்போது பேஸிலிருந்து வரும் முனகல் சத்தத்தை நிறுத்தாவிட்டால் உன் மாமாவையே நிறுத்திவிடுவேன் என்றிருந்தாள். செய்யக்கூடியவள்தான். பழைய டிரம்மர் இப்போது பேருந்து ஓட்டுகிறார்.

சத்தம் என்னமோ முதல் மாற்றத்திலேயே நின்றுவிட்டது. மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒன்று வழவழ என்றார். அடுத்தது ரொம்பச் சுத்தம் என்றார். சுத்தத்தைக் குற்றமாகச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

"உயிர்னா என்ன மாமா? கூட்டணுமா, குறைக்கணுமா? வாயத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"

"பழசைப் போடு. காட்டறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு பழசைப் பற்றவைத்தான். உள்ளே செப்புச் சுருளைப் பிடித்திருந்த மெழுகு வறண்டு, சுருள் தளர்ந்துபோன கிழம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினான். யாரோ கதவை இடிப்பதுபோல் ஸ்பீக்கர் அலறியது. சுருள் இப்படித் தளர்ந்துவிட்டால் பிக்கப் தந்தியின் அதிர்வோடு நிற்காது. பக்கத்தில் தும்மினால் தும்மலையும் அனுப்பிவைக்கும்.

மாமா கடை வாசலை எட்டிப் பார்த்தார். கிட்டாரை மடியில் எடுத்து, முகவாய் தந்தியில் உரசுமளவு குனிந்தார். மேடையிலும் இத்தனை வருடமாக இப்படித்தான் நிற்கிறார். முதுகுவலி என்று ஊரே தைலம் சிபாரிசு செய்திருக்கிறது.

விரல் தந்தியைத் தொடவில்லை.

வாயைத் திறந்தார்.

ஸ்பீக்கரிலிருந்து அக்காவின் பாட்டு வந்தது. மாமாவின் குரலில், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல. ஆனால் சுருதி இம்மியும் பிசகவில்லை.

கல்யாணமான புதிதில் அக்கா அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அன்றோடு மாமா பாடுவதை விட்டுவிட்டார் என்றுதான் குடும்பமே நம்பியிருந்தது.

ரிப்பேர்க்காரன் தலையில் கை வைத்தான். பழசையே விட்டுவைத்தால் மாமாவுக்கு மேடை போகும். புதுசைப் போட்டால் பாட்டு போகும்.

போன் அடித்தது. அக்கா.

மாமா சட்டென்று வாயை மூடினார்.

சத்தம் நின்றுவிட்டது, இனி வரவே வராது என்று கூசாமல் சொல்லிவிடத் தயாராகி போனைக் காதில் வைத்தான்.

மறுமுனையில், தகரத்தில் மணலைத் தேய்ப்பதுபோல் ஒரு குரல்.

"டேய்... பழசையே மாட்டி அனுப்பு. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நான் சொன்னேன்னு உங்க மாமாகிட்ட சொல்லித் தொலைக்காதே."