இருபது ஜிபி காலி

“என்னத்தையெல்லாம் உள்ளே அடைச்சு வெச்சிருக்கீங்க? மூச்சு விடக்கூட இடமில்லாம கிடக்கு. இப்படியே விட்டா இன்னைக்குள்ள கதை முடிஞ்சிடும், சொல்லிட்டேன்!”

போனில் இப்படி மிரட்டியவர் டாக்டர் அல்ல. பன்னிரண்டு கிளைகள் கொண்ட மூக்குக்கண்ணாடி நிறுவனத்தின் கணினிப் பிரிவுத் தலைவர். தன்னுடையது உட்பட எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே நீலப் படம், ஒரே வரிசையில் ஐகான்கள் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவர். நாற்காலியை விட்டு அசையாமலே எதையும் ஆட்டிவைப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் ‘சித்தர்’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் பன்னிரண்டாவது கிளையின் பொறுப்பாளர் அம்மாள். அவருடைய கம்ப்யூட்டரில் அப்கிரேடு பாதியில் நின்றுவிட்டது. சி டிரைவில் இருபது ஜிபி இடம் கொடுத்தால்தான் நகருவேன் என்று அடம்பிடித்தது.

சித்தருக்கு அவசரம். பதினோரு கிளைகளை முடித்தாயிற்று. இதையும் முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு முதலாளி முன்னால் நிற்க வேண்டும். இரண்டு மாதம் கண்விழித்துச் செய்த படங்களும் வீடியோக்களும் அவர் கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் நிறையத் தயாராக இருந்தன. போட்டுக் காட்டினால் பொது மேலாளர் பதவி. சொதப்பினால் அது விற்பனைப் பிரிவுக்காரருக்கு.

இருந்த இடத்திலிருந்தே கிளைக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தார். அவர் முன்னாலிருந்த திரை ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு நின்றது.

“சார், இங்க திடீர்னு…”

“நடுவுல பேசாதீங்க மேடம். எனக்குக் கவனம் சிதறும்.”

“இல்ல சார், ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியல.”

“கண்ணாடிக் கடையில உட்கார்ந்துக்கிட்டு ஒண்ணும் தெரியலன்னா எப்படி? நான் உள்ளே வந்துட்டா உங்க ஸ்கிரீன் கருப்பாத்தான் இருக்கும். நான்தான் அப்படிச் செஞ்சு வெச்சிருக்கேன்.”

“சரிங்க சார்” என்று அவர் அடங்கிப்போனார். சித்தரோடு வாதாடி ஜெயித்தவர் அந்த நிறுவனத்தில் யாரும் இல்லை.

எது பெரியதோ அது மேலே வரும்படி சித்தர் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார். “ஆகா! ‘புது ஃபோல்டர்’னு ஒண்ணு, ‘புது ஃபோல்டர் ரெண்டு’ன்னு இன்னொண்ணு. ஒரு பேர் வைக்கக்கூடச் சோம்பேறித்தனமா மேடம்? ரெண்டும் சேர்ந்து பதினாலு ஜிபி!”

மறுமுனையில் ஏதோ சொல்ல வாயெடுக்கும் சத்தம் கேட்டது. அவர் விடவில்லை. “பயப்படாதீங்க, திறந்து பார்த்து உங்க மானத்தை வாங்க மாட்டேன்.”

சொன்ன சொல் தவறாமல், திறக்காமலே அழித்தார். குப்பைத்தொட்டியில்கூட விழாமல் அடியோடு அழிப்பதுதான் அவர் வழக்கம். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது.

அடுத்து ஆறு ஜிபிக்கு மூன்று சினிமாக்கள் சிக்கின. “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சண்டைப்படம்! ரசனை மட்டும் பரவாயில்ல” என்று பெருந்தன்மையோடு பாராட்டிவிட்டு அவற்றையும் அனுப்பிவைத்தார்.

“ஒரு நாள் என் கம்ப்யூட்டரை வந்து பாருங்க மேடம். வேண்டாத ஃபைல் ஒண்ணு காட்டிட்டா, நான் இந்த வேலையையே விட்டுடறேன்.”

“சரிங்க சார்.”

மணி பதினொன்றே முக்கால். சித்தர் நாற்காலியில் சாய்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

“இருபது ஜிபி காலி! இதுக்குப் பேர்தான் வேலை. இப்ப அந்த அப்கிரேடு பட்டனை நீங்களே ஒரு தடவை அழுத்துங்க, பார்ப்போம்.”



“எதை அழுத்தறது சார்? இங்க கரண்ட் போய்க் கால் மணி நேரமாச்சே!”