எந்தக் குடி

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அணைக்கவில்லை. கையில் செல்போனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கணவன் சிலுவையின் கூட்டாளி மிக்கேல் பேசியிருந்தான். பின்னால் ஒலிபெருக்கி அலறியதால் கத்தித்தான் பேசினான். அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"காலையில இருந்து குடியிலதான் கெடக்காரு மதினி. கூப்பிட்டா வரமாட்டேங்காரு."

பதினோரு மாதம்.

சிலுவை குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இன்னொரு தடவை தொட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். மிரட்டலுக்குச் சொன்னதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுச் சேலையோடே கிளம்பினாள்.

அவள் தமிழ் டீச்சர். போன மாதம்தான் எட்டாம் வகுப்பில் நடத்தினாள். குடி என்றால் தங்குமிடம். குடில், குடிசை, குடித்தனம் எல்லாம் அந்த வழி வந்தவை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "அப்போ எங்கப்பா குடிக்கிறது எந்தக் குடி டீச்சர்?" என்று கேட்டது.

அது வேறு சொல், ஒலி மட்டும்தான் ஒன்று என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

தெருமுனையில் தூத்துக்குடி என்று பலகை மாட்டிய பேருந்து நின்றது. அந்தப் பெயரைப் படிக்கக்கூடப் பிடிக்கவில்லை.

மதுக்கடை வாசலில் அவன் இல்லை. பக்கத்துச் சந்தில் விழுந்து கிடந்தவர்களிலும் இல்லை. வெட்கத்தை விட்டு உள்ளேயும் எட்டிப் பார்த்தாள்.

இல்லை.

ஒலிபெருக்கிச் சத்தம் வந்த மாதா கோயிலுக்குப் போனாள். முற்றத்தில் மிக்கேல் சீரியல் விளக்குகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். எங்கே அவர் என்று கேட்டாள்.

"அதான் சொன்னேனே மதினி. குடில்ல."

கையை நீட்டினான்.

கிறிஸ்துமஸ் குடில். பனையோலைக் கூரை, வைக்கோல் தரை. மாதாவும் சூசையப்பரும் இன்னும் வந்து சேரவில்லை. உள்ளே சிலுவை குத்தவைத்து, கட்டி முடித்த முடிச்சுகளையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்துக்காக ஊரெல்லாம் ஓடியிருக்கிறாள், அதுவும் தமிழ் டீச்சர்.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது.

சிலுவை தலையை நீட்டிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எங்கெல்லாம் தேடிவிட்டு வருகிறாள் என்பது புரிந்துவிட்டது. கோபப்படவில்லை.

"கூரை மத்தியானமே முடிஞ்சிட்டு" என்றான் மெதுவாக. "பயலுவ கடைக்குக் கூப்பிட்டானுவ. வெளிய வந்தா போயிருவேன்னு பயமா இருந்துச்சு. அதான் இதுக்குள்ளயே இருந்துட்டேன்."

கடைத்தெருவில் இன்னும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலை உதறினாள். மண்டி போட்டு, தலையைக் குனிந்து, ஓலைக்கு அடியில் நுழைந்தாள்.

"கொஞ்சம் தள்ளி இரிங்க" என்றாள்.