ஐந்து மணிக்கு வரும் ஆள்

குற்றாலச் சீசனில் தென்காசி ஆட்டோக்காரர்களுக்கு அருவிப் பாதை தவிர வேறு பாதையே தெரியாது. ஆய்க்குடி தாண்டியிருக்கும் நாய்க் காப்பகம் என்றதும் நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐந்தாமவரான மணிமுத்து மட்டும், ரூபி கேட்ட பாதி வாடகைக்கே "ஏறுங்கக்கா" என்றார். பேரம் இவ்வளவு லேசில் படிந்தது ரூபிக்கு உறுத்தியது. ஆனாலும் ஏறிவிட்டாள்.

"விரசாப் போங்க அண்ணாச்சி. காணாமப் போன எங்க ஜிம்மி அங்கதான் இருக்காம். அதை வளக்கக் கேட்டு எவனோ அஞ்சு மணிக்கு வாரானாம். அவன் முந்திட்டா போச்சு."

மணிமுத்து கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"ரொம்ப நாளா வளக்கியளா?"

"ஆறு வருசம். எம் மக ரெண்டு நாளாச் சாப்பிடல. அந்தப் பய வண்டி வழியிலேயே பஞ்சராகிக் கிடக்கட்டும்."

"வாயக் கட்டுங்கக்கா" என்றவர், சாரலில் வண்டியை விரட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். ரூபியைக் கண்டதும் ஜிம்மி அவள் மேல் தாவியது. காப்பக ஊழியர் தலையைச் சொறிந்தார்.

"கூட்டிட்டுப் போங்கம்மா. போன்ல சொல்லி வச்ச ஆளு வந்தா நான் என்ன பதில் சொல்ல?"

"அவன் ஒண்ணும் கேக்க மாட்டான்" என்ற மணிமுத்து, சீட்டுக்கு அடியில் வாங்கி வைத்திருந்த புது நாய்ச் சங்கிலியை எடுத்து ரூபியிடம் நீட்டினார்.