திருவிருந்துக்கு முதல் ஆள்

கணவர் வேதமாணிக்கத்தின் கோட்டுப் பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடிக்கும்போதுதான் பாக்கியத்துக்கு நெஞ்சு வலித்தது.

“அப்பா, ஜட்கா வண்டி பிடிச்சு டாக்டரைக் கூட்டியாங்க!” மகள் எஸ்தர் பதறினாள்.

“சர்ச்சுல திருவிருந்துக்கு நான்தானே எப்பவும் முதல் ஆள்? முடிஞ்சதும் கூட்டிட்டு வாரேன்.”

“இன்னிக்கு ஒருநாள் கடைசியா வாங்குனா திராட்சரசம் கசக்குமாப்பா?”

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டாக்டரோடு திரும்பியபோது பாக்கியம் இறந்திருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் உருகினார்: “அன்னிக்குங்கூட இவர்தான் முதல் ஆள். மதுரையில எந்தச் சபையில இம்புட்டு பக்தி உண்டு?”

வீடு திரும்பியதும் எஸ்தர் கேட்டாள்: “முதல் ஆளா நின்னே ஆகணுமாப்பா?”

“பின்ன? எல்லாருக்கும் ஒரே கிண்ணம். சேரி ஆளுக வாய் வச்ச பிறகு நான் எப்படிம்மா குடிப்பேன்?”

அடுத்த மாதத் திருவிருந்துக்கும் அவரே முதல் ஆள்.