ஒரே சட்டி

வெங்காயம் ஆணியில் நின்றது.

பலகையில் கீழிருந்து மேலாக இரண்டு ஆணி அடித்து வைத்தது அவருடைய யோசனைதான். வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்திவிட்டால், பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டாம்.

இன்னொரு கை இருந்தது. துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய வலது கை. பக்கவாதம் வந்ததிலிருந்து அது வீட்டோடு மாப்பிள்ளைபோல் சும்மா இருந்தது.

இடது கையால் வெட்டினார். துண்டுகள் சின்னதும் பெரியதுமாக விழுந்தன.

விழட்டும்.

சமையலறை வாசலில் எமில்டா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் அந்த அடுப்பு அவளுடையது. இன்று எழுந்திருக்கக் கூடாது. அதுதான் பேச்சு.

மகளுக்கு அமெரிக்காவில் பேறுகாலம். அடுத்த மாதம். டிக்கெட் எடுத்தாயிற்று. எமில்டாதான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? ராத்திரித் துணைக்கு அவள் தம்பி வந்து படுத்துக்கொள்வான், சரி. சோற்றுக்கு?

அவர் சவால் விட்டார். அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்து தட்டில் போடுவதுவரை ஒரு வேளைச் சோற்றைத் தானே ஆக்கிக் காட்டுவார். காட்டிவிட்டால் அவள் விமானம் ஏறவேண்டும்.

மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் இருக்கிற லூசியானாப் பக்கத்துச் சாப்பாடாம். ஜம்பலாயா என்று பெயர். கோழி, இறால், தக்காளி, குடைமிளகாய், அரிசி, எல்லாம் ஒரே சட்டியில்.

ஒரே சட்டி என்றால் ஒரே கை போதும் என்று அவர் கணக்குப் போட்டார்.

கோழியையும் இறாலையும் கடையிலேயே சுத்தம் செய்து வாங்கியாயிற்று. அது உதவியில் சேராது என்று தீர்ப்பும் அவரே சொல்லிக்கொண்டார்.

அடுப்பின் குமிழைத் திருகினார். அதே கையால் லைட்டரை எடுப்பதற்குள் வாயு கசிந்துவிட்டது. குப்பென்று பற்றியதில் புருவம் தப்பியது பெரிய விஷயம்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் திரும்பவில்லை. நாற்காலி அடங்கியது.

எண்ணெய். கோழி. வெங்காயம். கரண்டியைச் சுற்றினால் சட்டியும் கூடவே சுற்றியது. இவர் இந்தப் பக்கம் கிண்ட, அது அந்தப் பக்கம் போனது. வீடியோக்காரிக்கு இப்படியொரு தொல்லை வந்திருக்காது. அவளுக்கு இரண்டு கை.

சட்டியின் கைப்பிடி பக்கத்து அடுப்பில் இருந்த குக்கரில் முட்டி நின்றது. அவருக்குப் பிடிகிடைத்தது. அப்படியே முட்டுக்கொடுத்து வைத்துக் கிண்டினார்.

தக்காளி குழைந்தது. மிளகாய்த்தூள் தும்மலைக் கொண்டுவந்தது. அரிசியைக் கொட்டித் தண்ணீரை ஊற்றினார். சிந்தியது போக மீதி சட்டிக்குள் போனது.

மூடினார்.

கொதி வந்ததும் எமில்டாவால் இருக்க முடியவில்லை. கொதிக்கிற அரிசியைக் கண்டால் அவள் கை தானாக வடிதட்டைத் தேடும். கஞ்சியை இறுத்துக் கொட்டாத சோறு அவளுக்குச் சோற்றில் சேர்த்தி இல்லை. துணியும் கையுமாக அடுப்புவரை வந்துவிட்டாள்.

அவர் குறுக்கே நின்றார்.

“ஏட்டி, இதுக்கு வடிக்கப்படாது. ருசியெல்லாம் அந்தத் தண்ணியிலதான் கெடக்கு.”

சமையலறையில் அவளுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்வது அதுதான் முதல்தடவை. அவள் துணியை மடித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

இறாலையும் போட்டு, தண்ணீர் வற்றும்வரை காத்திருந்தார். அடி லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. அணைத்தார்.

சட்டியைத் தூக்கிப்பார்த்தார். ஒரு கைக்கு அது அடங்கவில்லை. எனவே சட்டி மேசைக்குப் போகவில்லை. தட்டுகள் சட்டிக்கு வந்தன, ஒவ்வொன்றாக.

அவள் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது.

நோயில் விழுந்ததிலிருந்து எல்லாரும் அவரைப் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள். விரலை அசைத்தால் கை தட்டினார்கள். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தாலும், எமில்டாகூட, “அழகா போட்டிருக்கியளே” என்பாள், பாலர் வகுப்பு டீச்சர் குரலில். அந்தக் குரலைக் கேட்டாலே அவருக்கு உடம்பு கூசியது.

இன்றும் அவள் நல்லாருக்கு என்றால் முடிந்தது. அதே குரலில் சொன்னால், அவள் போகப்போவதில்லை. மகள் அங்கே தனியாகப் பெற்றெடுப்பாள். அவர் இங்கே எல்லாரும் மெச்சும் பிள்ளையாக உட்கார்ந்திருப்பார்.

எமில்டா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

அவர் தன் தட்டைத் தொடவில்லை.

அவள் நாக்கில் ஏதோ நெருடியது. ஒரு பருக்கையை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“அரிசி நறுக்கு நறுக்குங்கு. நான் போன பொறவு அரைக் கிளாஸ் தண்ணி கூட வைங்க. இப்படித் தின்னா வயித்தக் கடுக்கும்.”

சாதாரணக் குரல். மீன்காரரிடம் பேசுகிற குரல், முன்பெல்லாம் அவரிடம் பேசிய குரல்.

அவர் தலையாட்டினார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

விழுங்க வெகுநேரம் ஆனது. பழியை அரிசியின் மேல் போட்டுவிட்டு, குனிந்த தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தார்.