மூன்று சென்டிமீட்டர்

முருகானந்தம் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரி வரவேற்பறையிலேயே பிரித்துவிட்டான்.

"மூணு சென்டிமீட்டர்தான் நீலா! ஜனவரியில பன்னெண்டு இருந்துச்சு. மொதல்ல எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி அம்மாகிட்ட சொல்லணும்."

நீலாவதி தலையை மட்டும் அசைத்தாள்.

"என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நல்ல சேதிதானே?"

"ம்."

ஐந்து மாதமாகக் கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து மாதம் ஒருமுறை இந்த ஸ்கேனுக்காக வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது சிறுத்திருந்தது.

டாக்டர் சான்யாலும் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே ரத்தம் கசியும் அபாயம் தாண்டிவிட்டது, மிச்சமும் இரண்டு மாதத்தில் தானாகக் கரைந்துவிடும் என்று வங்காள மொழியில் சொன்னார்.

நீலாவதி முதன்முறையாக அவரிடம் வாய் திறந்து ஏதோ கேட்டாள். டாக்டரின் சிரிப்பு நின்றது.

"கரியாஹாட் மார்க்கெட் மீன்காரிகிட்ட கத்துக்கிட்ட பெங்காலி!" என்று முருகானந்தம் சிரித்தான். "தலைகீழா கேட்டுட்டே. கரையாம இருக்க மருந்து இருக்கான்னு கேக்கறே."

"சரியாத்தாங்க கேட்டேன்."

டாக்டர் கோப்பின் முதல் பக்கத்துக்குப் போனார். அது அவரே ஜனவரியில் எழுதியது. கருப்பைக்கு வெளியே, வயிற்றுக்குள் வளர்ந்த ஆறு மாத ஆண் குழந்தை. அறுவை செய்து எடுக்கப்பட்டது, பிழைக்கவில்லை. குடலோடு ஒட்டியிருந்த நஞ்சுக்கொடியை அகற்றினால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் அது மட்டும் உள்ளேயே விடப்பட்டது.

"அவனோடதுன்னு என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதாங்க," என்றாள் நீலாவதி.